மண்டோருக்கு விட்ட வீடு

"…செத்துப் போயி எந்தக் காலமாச்சு, இன்னும் அந்த மண்டோருக்கு ஒரு வீட்ட ஒதுக்கி வச்சிட்டுத்தான் எண்ணுவியா, வீரையா?"

கேட்டவர் பாக்கியம் அக்கா. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டிருந்தார். அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் எங்களைச் சுட்டுக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் வீரையா கையில் சிமெண்டுக் கரண்டியோடு நிற்கிறார். நான் பால் செம்போடு நிற்கிறேன். வீடு கட்டச் சொன்ன சரசு அக்கா பட்டுப்புடவையில் நிற்கிறார். மணி அடித்துவிடுமோ என்று பூசாரி அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் எல்லோருக்கும் நடுவில் ஒரு வாசல் நிலை நிற்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிய புது நிலை. அதற்கு இடது பக்கம் சுவர் இல்லை, வலது பக்கம் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. பின்னால் லாலாங் புல்லும் வானமும்தான். வீடு எங்கோ போயிருக்கிறது, வாசல் மட்டும் அதற்காகக் காத்திருக்கிறது என்பது போல.

அடுத்து அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன், அவரைக் கொஞ்ச நேரம் அங்கேயே வெயிலில் நிறுத்தி வைக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் தொடரை அவரும் படிக்கிறார். ஒவ்வொரு வாரமும் போன் செய்து, "என்ன கமலா, இந்த வாரம் யார் தல உருளுது?" என்று கேட்கிறார்.

இந்த வாரம் உங்கள் தலைதான் அக்கா. உட்கார்ந்து படியுங்கள்.

ஆடு புகார் பண்ணாது

ராசா என்ற ஊரில் பிறந்த நான் கல்யாணமாகி கோலசிலாங்கூர் பக்கம் வந்து சேர்ந்த கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தவுக்கே தோட்டம் தோட்டமாகச் சுற்றி வேலை எடுத்தவர். எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அவர் சொன்ன ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. "வீரா, வீடு கட்டறது லேசு லா. வீட்டுக்காரன் வாயக் கட்டறதுதான் கஷ்டம்."

முதுகு வலி வந்து அவர் தொழிலை விட்டபோது, சிமெண்டு கலக்கும் மிஷினை இவரிடம் கொடுத்து, "இனிமே நீதான் தவுக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். மறுநாள் காலை லோரிக்கு விலை கேட்கப் போய்விட்டார்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் காண்ட்ரேக்டர் என்றால் சீனர்தான். செங்கல் சுமப்பவர்கள் நாங்கள், சாரம் கட்டுபவர்கள் நாங்கள், மணல் சலிப்பவர்கள் நாங்கள். நம் ஆள் ஒருவர் போய், "நான்தான் காண்ட்ரேக்டர்" என்றால், கேட்பவர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். உண்மையான ஆள் பின்னால் வருகிறார் என்று நினைத்து.

இவருக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் ஆட்டுக் கொட்டகை. பத்தாங் பெர்ஜுந்தாயில். அந்த ஊருக்கு வேறு பெயர் வைத்து நாளாகிறது. போர்டு மாறிவிட்டது, எங்கள் வாய் மாறவில்லை.

ஆட்டுக் கொட்டகைதானே என்று இவர் விடவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தார். குண்டு கட்டித் தொங்கவிட்டுத் தூண் பார்த்தார். ஆடுகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. முடிந்த பிறகு ஆட்டுக்காரர் எல்லோரிடமும் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இப்ப அதுங்க என்னையவிட வசதியா இருக்குதுங்க. சாயங்காலம் நான் உள்ள போனா, 'யாரு, என்ன வேணும்?'னு பாக்குதுங்க."

அடுத்து ஒரு குளியலறை. அதற்கடுத்து ஒரு கோயில் மடப்பள்ளிக்குக் கூரை. ஆனால் மனிதர்கள் குடியிருக்கும் வீடு ஒன்றுகூட வரவில்லை. அதற்குக் காரணம் பாக்கியம் அக்காவின் ஒரே ஒரு வாக்கியம்.

"ஆட்டுக்குக் கட்டறது வேற. ஆடு புகார் பண்ணாது."

கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார். ரசம் வருவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. தன் வீட்டைக் கட்ட ரவாங்கிலிருந்து ஒரு பெரிய காண்ட்ரேக்டரைப் பேசி வைத்திருப்பதாகவும் அன்றைக்குத்தான் சொன்னார். அந்தப் பெரியவர் மாதக்கணக்கில் வரவில்லை. கேட்டால், "பெரிய ஆளுன்னா அப்படித்தான் லா, பிஸி" என்பார்.

அதுவரை பாக்கியம் அக்கா புக்கிட் ரோத்தானில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தார். "மாடிக்குப் போற ஒவ்வொரு படியும் என் முட்டியப் பேர் சொல்லிக் கூப்பிடுது" என்று அவரே சொல்வார். தினமும் காலையில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் தேத்தண்ணி கட்டிக்கொண்டு, தன் வெறும் நிலத்துக்கு வந்து, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே குடித்துவிட்டுப் போவாராம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் நிலையை அவசரமாக வைத்திருக்க மாட்டோம், அல்லது இன்னும் அவசரமாக வைத்திருப்போம்.

கோழிக்கறியில் வெந்த நம்பர்

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் வளர்ந்த தோட்டத்தை விற்றபோது, நீண்ட இழுபறிக்குப் பிறகு, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைத்தது. ஒரு மண்ரோடு, அதன் ஓரமாக ஒரே வரிசையில் லோட்டுகள். முதல் லோட்டுக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு தண்ணீர்க் குழாய். ஒவ்வொரு லோட்டிலும் நம்பர் எழுதிய மரக்கட்டை நட்டிருந்தார்கள்.

நிலத்தை ஒப்படைத்த நாளில் எல்லோரும் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது என்று முடிவானது. லயத்தில் பிறந்து, லயத்திலேயே தலை நரைத்தவர்கள். முதல் முறையாகத் தங்கள் மண்ணில் அடுப்பு மூட்டுகிறார்கள். அண்டா வந்தது, கோழி வந்தது, மசாலா வந்தது. விறகு மட்டும் போதவில்லை.

யார் முதலில் பிடுங்கினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. கறி கொதிக்கும்போது வரிசையில் பாதி நம்பர் இல்லை. சோறு வடிக்கும்போது ஒன்றுகூட இல்லை. நன்றாகக் காய்ந்த கட்டைகள், புகையே இல்லை. சரசு அக்காவின் புருஷன் அடுப்புக்குள் குனிந்து பார்த்து, பெருமையோடு சொன்னாராம்: "எல்லாத்தையும்விட நம்ம லோட்டுதான் நல்லா எரியுது பாரு."

யாரும் கவலைப்படவில்லை. நம்பரை வைத்து அவர்கள் எந்தக் காலத்தில் வீடு கண்டுபிடித்தார்கள்? லயத்தில் முகவரி என்றால் குழாயிலிருந்து எண்ணுவதுதான். குழாயிலிருந்து ரெண்டாவது வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. குழாயிலிருந்து ஆறாவது வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்படியே புது நிலத்திலும் ஒரு குழாய் நிற்கிறது, எண்ணத் தெரியும், வேறென்ன வேண்டும்?

சரசு அக்கா குழாயிலிருந்து மூன்றாவது. பாக்கியம் அக்கா நான்காவது. ஊருக்கே தெரியும்.

ஒரே தோட்டம், ரெண்டு எண்ணிக்கை

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எங்கள் தொழில் இந்த இடத்தில்தான் தடுக்கி விழப் பார்த்தது.

அந்தத் தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. சரசு அக்காவும் பாக்கியம் அக்காவும் மேல் டிவிஷன். அங்கே மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்த்தவர், தனியாக மேட்டில் ஒரு வீட்டில் இருந்தார். அதனால் குழாயடியில் இருந்த வீடு சாதாரண வீடு. அதுதான் முதல் வீடு.

என் வீட்டுக்காரர் கீழ் டிவிஷன். அங்கே மண்டோர் லயத்திலேயே, குழாயடி வீட்டில் இருந்தார். அந்த வீட்டை யாரும் எண்ண மாட்டார்கள். அது மண்டோர் வீடு, அவ்வளவுதான். அதைத் தாண்டித்தான் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கும். மண்டோரைப் போய் நம்மோடு சேர்த்து ஒன்று என்று எண்ணுவது எப்படி? அந்த டிவிஷனில் வளர்ந்த பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாலும் ஒரு வீட்டைத் தாண்டித்தான் எண்ணுவார்கள்.

ராசாவிலிருந்து வந்த எனக்கு இரண்டுமே தெரியாது. நாங்கள் மாரியம்மன் கோயிலிலிருந்து எண்ணுவோம்.

லயத்தை நினைத்தால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. சொல்லிவிட்டு வருகிறேன். லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். இந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு வீடு கட்டுவது என்ன பாடு என்று பிற்பாடு நாங்கள் நிறையப் பார்த்தோம். ஓர் அம்மா, சமையலறைச் சுவரைக் கொஞ்சம் குறைத்துக் கட்டுங்கள், பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று கேட்டார். ஒரு பெரியவர் வரவேற்பறைக்கே ஏழு ஜன்னல் கேட்டார். ஏன் ஐயா என்றால், "இத்தன வருசம் ஒரே ஜன்னல்ல ஏழு பேரு மூஞ்சிய நீட்டிட்டு நின்னோம். இனிமே ஆளுக்கு ஒண்ணு" என்றார். இவர் மறுபேச்சு பேசாமல் ஏழும் வைத்தார். அந்த வீட்டில் அலமாரி வைக்கச் சுவர் இல்லை.

சரி, வெட்டவெளிக்குத் திரும்புவோம்.

ஆடி பிறப்பதற்குள்

பாக்கியம் அக்காவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எங்களுக்கு முதல் வீட்டைக் கொடுத்தவர் சரசு அக்கா. ஆட்டுக் கொட்டகையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆட்டுக்குக் கட்டினா என்ன? நேரா நிக்குதுல்ல?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரே ஒரு நிபந்தனை. ஆடி மாதம் பிறப்பதற்குள் வாசல் நிலை வைத்தாக வேண்டும். நல்ல நாள் அந்த வாரத்தில் ஒன்றுதான் இருந்தது. அஸ்திவாரம் போட நேரமில்லை. அதனால் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசல் வருகிற இடத்தில் மட்டும் குழி தோண்டி, சிமெண்டு ஊற்றி, நிலையை நிறுத்திவிடுவது. வீடு பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

"வாசல் மொதல்ல வந்துட்டா வீடு வராம எங்க போயிடும்?" என்று சரசு அக்காவும் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. லோரியில் வரும் வழி முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

விடியற்காலையில் போய் இறங்கினோம். நல்ல பனி. லாலாங் இடுப்பளவு. இவர் குழாயடியில் லோரியை நிறுத்தினார். இறங்கி நடந்தார். முதல் லோட்டைத் தாண்டினார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று.

குழி தோண்டியாயிற்று. சிமெண்டு ஊற்றி, நிலையைத் தூக்கி நிறுத்தி, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தாயிற்று. சரசு அக்கா குடும்பத்தோடு வந்தார். பனிக்குள் மஞ்சள் நிறத்தில் நிலை தெரிகிறது, மாவிலை ஆடுகிறது. நேராக அங்கே நடந்து வந்தார். எண்ணிப் பார்க்க அவருக்கு எங்கே தோன்றும்? கண்ணெல்லாம் தண்ணீர். "என் வாசல், கமலா. எனக்கே எனக்குன்னு ஒரு வாசல்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூசாரி மந்திரம் சொன்னார். பால் ஊற்றினோம். எலுமிச்சம்பழம் வெட்டினோம். பனி விலகியது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சிமெண்டு காய்வதற்குள்

"இது யார் நெலம்?" என்றுதான் பாக்கியம் அக்கா ஆரம்பித்தார்.

"சரசக்கா நெலம். குழாயிலிருந்து மூணாவது" என்றார் இவர்.

பாக்கியம் அக்கா கையை நீட்டிக் குழாயடி லோட்டைக் காட்டினார். "இது யாரு லோட்டு? பேயோட லோட்டா? இது ஒண்ணு. அது ரெண்டு. அது மூணு. இது நாலு. நாலு யாரு? நானு."

இவர் திரும்பி எண்ணினார். என்னால் பார்க்க முடிந்தது, அவர் உதடு முதல் லோட்டில் அசையவே இல்லை. மறுபடி எண்ணினார். மறுபடியும் அசையவில்லை. அப்போதுதான் பாக்கியம் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது.

"நீ கீழ் டிவிஷன்ல?"

"ஆமாக்கா."

சரசு அக்காவின் முகம் மஞ்சளைவிட வெளுத்துப்போனது. "சாமி, இதப் புடுங்கி அங்க வச்சிடலாமா?" என்று பூசாரியிடம் கேட்டார்.

"பேர மாத்தலாம்மா, மந்திரத்த மறுபடி சொல்லலாம். பால் ஊத்தின நிலையப் புடுங்கறது மட்டும் ஆகாது. புடுங்கினா அது விறகுதான்" என்றார் பூசாரி.

"அப்ப புடுங்கின நிலை எனக்கு வேணாம்" என்றார் சரசு அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நடுக்கத்தோடு சொன்னார். "பாக்கியம் இத ஏத்துக்கிட்டா, எனக்கு வேற ஒண்ணு வச்சுக் குடு, வீரையா. அவ புடுங்கச் சொல்லிட்டா என்னய மன்னிச்சிடு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

லோரியில் பின்வாசலுக்குச் செய்த நிலை கிடந்தது. அதே மரம், அதே அகலம். பூசாரி பஞ்சாங்கத்தைப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்றார். எல்லாம் இருந்தது. பாக்கியம் அக்காவின் ஒரு வார்த்தைதான் பாக்கி.

அந்த வார்த்தையை எதிர்பார்ப்பதற்கு அந்தத் தோட்டத்திலேயே அவரைவிட மோசமான ஆள் கிடையாது. அவர் பிடுங்கு என்றால் எங்கள் முதல் வீடு போயிற்று. அதோடு முடியாது. அடுத்த கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள், அடுத்தவன் நிலத்தில் வாசல் வைத்த ஆட்டுக் கொட்டகை காண்ட்ரேக்டரின் கதை ரவாங் வரைக்கும் போய்விடும். அப்புறம் இவர் மறுபடி செங்கல் சுமக்க வேண்டியதுதான். குழிக்குள் சிமெண்டு வேறு இறுகிக்கொண்டிருந்தது. இவர் குனிந்து கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

"என்ன சீக்கிரம்? மொதல்ல நீ சொல்லு. எங்க டிவிஷன் ஆளுக்கு வீடு கட்டறப்போ எங்க டிவிஷன் மாதிரி எண்ணத் தெரியாதா? உங்க மண்டோரு செத்துப் போயி எந்தக் காலமாச்சு, இன்னும் அந்த மண்டோருக்கு ஒரு வீட்ட ஒதுக்கி வச்சிட்டுத்தான் எண்ணுவியா, வீரையா?"

பூசாரியின் விரல் நழுவி மணி ஒரு முறை அடித்துவிட்டது. அதோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி காரியத்தில் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடினார், தோள் குலுங்கியது. அதைப் பார்த்துச் சரசு அக்காவுக்கு, கண்ணில் தண்ணீரோடேயே. எனக்கோ கையில் இருந்த செம்பில் பால் தளும்புகிற அளவுக்குச் சிரிப்பு. காலியாகக் கிடந்த அந்த முதல் லோட்டில், கோட்டும் அரைக்கால் சட்டையுமாக மண்டோர் தன் வீடு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் லோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா அப்படித்தாங்க்கா எண்ணக் கத்துக் குடுத்தாரு" என்றார் மெதுவாக.

"உங்கப்பா எண்ணினாரு, சரி. அவருக்கு அப்ப வேலைக்குப் போகணும். உனக்கு என்னா?"

பாக்கியம் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தார். ஒரு கையில் பால் செம்பு, ஒரு கையில் ஹெல்மெட், சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்.

நிலையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். முன்னால் நின்று உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிலையின் ஓரத்தோடு மேலிருந்து கீழே பார்வையை ஓட்டினார்.

"நேராத்தான் நிக்குது" என்றார். புகார் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

இவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"உள்பக்கம்க்கா" என்றார் இவர்.

பாக்கியம் அக்கா தலையை ஆட்டினார். பக்கத்தில் சுவர் இல்லை, சுற்றிக்கொண்டு எந்தப் பக்கமாகவும் போகலாம். அவர் நிலைக்கு நேர் எதிரில் வந்து நின்று, செருப்பு இரண்டையும் கழற்றி, வெளியே புல்லின் மேல் ஜோடியாக விட்டுவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.